இசப்கோல் உமி தொப்பையைக் கரைக்குமா?

வணக்கம் அண்ணே. ‘இரவில் இரண்டு கரண்டி இசப்கோல் உமியை வெறுமனே வாயில் போட்டுக்கொண்டால் தொப்பைக் கொழுப்பு கரையும்’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் இது சுற்றுகிறது.

இசப்கோல் செடியின் விதைத்தோலான இந்த உமி உடம்பில் சேர்ந்த கொழுப்பைக் கரைப்பதில்லை. அது நார்ச்சத்து, பெரும்பாலும் செரிக்காமல் குடல் வழியே போய்விடும். தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், பசி சற்றுத் தள்ளிப்போகும், மலம் இளகும். அதனால் சோற்றின் அளவு குறைந்தால்தான் எடை இறங்கும், அதுவும் கொஞ்சமே.

வீட்டிலேயே பார்க்கலாம். 240 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உமியைக் கலக்கி 10 நிமிடம் வையுங்கள்: சவ்வரிசிக் கஞ்சிபோல் கொழகொழக்கும். இன்னொரு தேக்கரண்டி உமிக்கு இரண்டே தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். கரண்டியோடு ஒட்டிய கட்டியாகிவிடும். வெறும் உமி தொண்டையில் இப்படித்தான் அடைக்கும் (விழுங்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிகளுக்கு ரொம்ப ஆபத்து). மளிகைக் கடையில் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், தண்ணீர் அளவு பெரும்பாலும் அதில் போட்டிருக்கும்.