கண்டுபிடிச்சீங்களா, காட்டினாங்களா?

எங்க பக்கத்து நடுகல் ஒண்ணை, அதாவது சண்டையில செத்த வீரனுக்கு அந்தக் காலத்துல நட்ட கல்லை, கண்டுபிடிச்சதா ஒருத்தர் ஞாயித்துக்கிழமை போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. எனக்கே பதினோரு பேர் அனுப்பினாங்க. "உங்க ஏரியா கல்லுதானே சார்?"னு ஒரு சிரிப்பு பொம்மை வேற. ஆமா, எங்க ஏரியா கல்லுதான். வீடியோ போட்டவர் பேரைச் சொல்லப்போறதில்ல, கமெண்ட்ல யாரும் டேக் பண்ணவும் வேணாம். எனக்கு ஒரே ஒரு வார்த்தையோடதான் சண்டை: "கண்டுபிடித்தோம்."

கல்லுக்கு முன்னாடி ஷூ காலோட நின்னுக்கிட்டு, "கேட்பாரற்றுக் கிடந்த நடுகல்லை எங்கள் குழு கண்டுபிடித்தது"ன்னு சொல்றார். அந்த இடத்துல நிறுத்திட்டு இடது ஓரத்தைப் பாருங்க. ஒரு அகல் விளக்கு. திரி கருகியிருக்கு, எண்ணெய் இன்னும் காயல. கேட்பாரற்றுக் கிடந்த கல்லுக்கு விளக்கு வெச்சது யாருங்க, பேயா?

வெச்சது ஒரு ஆயா. எழுபது வயசுக்கு மேல இருக்கும். அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி தெரியுற ஓட்டு வீடு அவங்களது. நான் முதல்முறை போனப்போ கல்லுக்கிட்ட குனியுறதுக்குள்ள "செருப்பைக் கழட்டிட்டு வா கண்ணு"ன்னு குரல் வந்தது. கழட்டினேன். அப்புறம் அவங்களே ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து கல்லு மேல ஊத்தி, "இப்பப் பாரு, எழுத்து தெரியும்"னாங்க. எனக்கு இதை ஒரு பயிற்சி வகுப்புல சொல்லிக் கொடுத்திருந்தாங்க: கல்லை நனைச்சு, சாய்ந்த வெயில்ல பார்த்தா தேஞ்சுபோன பழங்கால வட்டெழுத்தும் எழுந்து நிக்கும்னு. ஆயாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல.

இந்தக் கல்லு தேடுற பைத்தியம் பிடிச்சு எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. லீவு நாள்னா ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கிட்டு செங்கம், தண்டராம்பட்டு, ஊத்தங்கரை, அரூர்னு கிளம்பிடுவேன். ஆரம்பத்துல டீக்கடையில போய் "இங்க நடுகல் எங்கங்க இருக்கு?"ன்னு கேட்பேன். உதட்டைப் பிதுக்குவாங்க. ஒரு நாள் ஒரு பெரியவர்தான் திருத்தினார். "வேடியப்பன் சாமி எங்கன்னு கேளுப்பா." அன்னையிலிருந்து கேட்ட எடத்துல எல்லாம் கை நீளுது. ஏரிக்கரை, கொல்லை ஓரம், ரோட்டு முக்கு. அவங்களுக்குத் தெரியாம இருந்தது கல்லு இல்ல, நாம வெச்ச பேரு.

அதனால திரும்பச் சொல்றேன். நீங்க கண்டுபிடிக்கல. உங்களுக்குக் காட்டினாங்க.

இப்ப சிலர் வருவீங்க, "ஆவணப்படுத்தலைன்னா எல்லாம் அழிஞ்சுடுமே சார்"னு. யார் வேணாம்னா? தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல "செங்கம் நடுகற்கள்"னு ஒரு தொகுப்பு போட்டுச்சு, தொல்லியல் அறிஞர் நாகசாமி பதிப்பிச்சது. இன்னைக்கும் அதைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் நாங்க அலையுறோம். ஊர் ஊரா நடந்து, கல்லு மேல காகிதத்தை ஒட்டி மை ஒத்தி எழுத்தை மைப்படி எடுத்தவங்க செஞ்ச வேலை அது. எழுத்துல சாக்பீஸைத் தேய்ச்சு, தம்ஸ் அப் காட்டிப் போட்டோ எடுக்கிறது ஆவணப்படுத்தல் இல்ல.

"மக்கள் எண்ணெய், மஞ்சள் பூசி எழுத்தைக் கெடுக்குறாங்களே, அதைக் கேட்க மாட்டீங்களா?" கேட்கலாம். எனாமல் பெயிண்ட் அடிச்ச கல்லைப் பார்த்து எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு. ஆனா பூசுற சாமியை யாரும் பெயர்த்துத் துணி துவைக்கப் போடல. அதோட இந்தக் கேள்வியை விட்டுடுறேன்.

"படிப்பறிவு இல்லாத ஜனங்க, அவங்களுக்கு என்ன தெரியும்"னு ஒருத்தர் அந்த வீடியோவுக்குக் கீழ எழுதி, அதுக்கு நூறு லைக். இதுதான் என்னைத் தூங்க விடல. தருமபுரிப் பக்கம் கிடைச்ச அதியமான் பெருவழிக் கல்லுல, நாவற்தாவளம்ங்கிற எடத்துக்கு எத்தனை காதம்னு எழுத்துல வெட்டினதோட நிறுத்தல. எழுதப் படிக்கத் தெரியாதவன் தடவிப் பார்த்தாவது எண்ணிக்கட்டும்னு பெரிய குழியும் சின்னக் குழியுமா தோண்டி வெச்சிருக்கான். வழிப்போக்கனுக்கு வெச்ச மைல்கல்லு அது, அவ்வளவுதான். அதை நட்டவனுக்கு இருந்த மரியாதை ஸ்மார்ட்போன் வெச்சிருக்கிற நமக்கு இல்ல.

எடுத்தனூர் நடுகல்லு தெரியும்தானே? பல்லவ ராஜா மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 1,400 வருஷம். எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்திங்கிற வீரனுக்கு எடுத்த கல்லு. பக்கத்துல ஒரு நாயையும் செதுக்கி, கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னதைச் சொல்லி, கோவிவன்னு அதுக்குப் பேரும் வெட்டியிருக்காங்க. அந்தக் கல்தச்சன் ஒரு நாய்க்குக் குடுத்த எடத்தை, ஏழு நிமிஷ வீடியோவுல நீங்க அந்த ஆயாவுக்குக் குடுக்கல.

உடனே "உங்க பேரைப் போடலைன்னு காண்டு"ன்னு சொல்வீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த வீடியோக்காரரை அந்த எடத்துக்கு வண்டியில பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனது நான்தான். பெட்ரோல் என்னுது, மத்தியானச் சாப்பாடும் என்னுது. "நன்றிண்ணா, வாழ்க்கையில மறக்க மாட்டேன்"னார். என் பேர் வரலைன்னு எனக்கு வருத்தமே கிடையாது. உண்மையிலேயே கிடையாது. ஆயா பேரு வந்திருக்கணும், அவ்வளவுதான்.

நானும் யோக்கியன் இல்ல. 2015ல ஒரு கல்லைப் பத்தி இதே முகநூல்ல "நான் கண்டறிந்த"ன்னு எழுதினவன்தான். தேடிப் பார்த்தா கிடைக்கும், நான் அழிக்கல. அப்பா கண்ணாடியைப் போட்டு முழுசா படிச்சுட்டு ஒண்ணுதான் கேட்டார். "உனக்கு யார்றா காமிச்சா?"

எங்க ஊர் முக்குல ஒரு சுமைதாங்கி இருந்துச்சு. நிறைமாசத்துல செத்துப்போன ஒருத்திக்காக வெச்சது. அவ வயித்துச் சுமையை இறக்க முடியாம போயிட்டா, வர்றவன் போறவனாவது சுமையை இறக்கட்டும்னு. சின்ன வயசுல அப்பா அதுலதான் விறகுக் கட்டை இறக்கி வெச்சு மூச்சு வாங்குவாராம். ரோடு அகலப்படுத்தினப்போ போச்சு. மேல கிடந்த பலகைக் கல்லு இப்ப டீக்கடை வாசல்ல பெஞ்சு. கீழ நின்ன ரெண்டு கல்லும் எங்கேன்னு தெரியல. அந்தப் பொம்பளை பேரு அப்பாவுக்குத் தெரியும். "தெரியும்டா, அவங்க வகையறா"ன்னு ஆரம்பிச்சப்போ எனக்குப் போன் வந்துச்சு. எழுந்து போனேன். திரும்பக் கேட்கல. அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு.

எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? வீடியோ பத்தி. ஆமா.

சங்கப் பாட்டான மலைபடுகடாம்ல கூத்தருக்கு வழி சொல்ற எடத்துலயே கல்லு வருது. புது ஆளுங்களுக்கு அடையாளம் தெரியணும்னு கொத்தி எழுதி, மராமரத்தடியில வெச்ச கடவுள். அந்தப் பாட்டோட தலைவன் நன்னன், இதே செங்கத்துக்காரன். அன்னைக்கும் "இப்படிப் போ, அங்க இருக்கும்"னு சொல்ல ஒருத்தன் இருந்திருக்கான். யாரும் எதையும் கண்டுபிடிக்கல.

நேத்து சாயந்திரம் மனசு கேட்காம அங்க போனேன். கல்லுல சாக்பீஸ் வெள்ளை வெள்ளையா அப்படியே இருந்துச்சு. ஆயா கீழ உட்கார்ந்து தேங்காநாரை நனைச்சுத் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. "பசங்க சாமி மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போயிட்டானுங்க கண்ணு." நார் வேணாம் ஆயா, எழுத்து தேஞ்சுடும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லல. செருப்பைக் கழட்டிட்டு, செம்பை வாங்கித் தண்ணி ஊத்தினேன்.