மாப்பிள்ளையின் பே சிலிப்பையும் கேளுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேச்சுக்கால் முடிந்தால் அடுத்த நாளே பெண் வீடு அலையத் தொடங்கிவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாஸ்போட், எல்லாம் பிள்ளையினுடையது. மாப்பிள்ளையின் கடதாசிகள் எங்கே என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அவர் லண்டன் சிற்றிசன், அவருக்கென்ன" என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் மகளுக்கு 2024 தையில் பேசி முடித்தோம். பிள்ளை இங்கிருந்து போய் லண்டனில் எழுத்தும் (பதிவுத் திருமணம்) தாலிகட்டும் என்று முடிவு. அதற்கு ஃபியோன்சே விசா, அதாவது கலியாணம் கட்டப் போகிறவருக்கான விசா எடுக்க வேண்டும். ஆறு மாதம் தருவார்கள். அதற்குள் பதிவுத் திருமணம் செய்து, அங்கிருந்தே மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை வேலைக்குப் போக முடியாது. "விசிட் விசாவில போய்க் கட்டிப்போட்டு அங்கயே நிண்டா என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. விசிட் விசாவில் போனவர் உள்ளே இருந்தபடி மனைவி விசாவுக்கு மாற முடியாது. யாருடைய பேச்சையும் கேட்டு அந்த வேலைக்குப் போகாதீர்கள். கனடா என்றால் ஃபியோன்சே விசாவே இல்லை, எழுத்து முடிந்த பிறகுதான் ஸ்பொன்சர்.

பிள்ளை 2000இல் முல்லைத்தீவில் பிறந்தவள். 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் இருந்து தண்ணிக்குள்ளால் வந்தபோது அக்கா ஒரு சொப்பின் பையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தா. அதற்குள்தான் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருந்தது. செட்டிகுளம் முகாமில் அதைத் தறப்பாளில் விரித்துக் காயவைத்தபோது, தகப்பனின் பெயர் இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும்தான் மிச்சம். அக்கா அந்தக் கறையை விரலால் தடவிக்கொண்டே இருந்தா.

அதனால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்தோம். அதை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது அத்தானின் பெயரில் உள்ள 'த'வுக்கு 'டி' விழுந்துவிட்டது. பாஸ்போட்டில் 'ரி எச்'. அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி, திரும்பவும் மொழிபெயர்ப்பு. பிறகு ஏ1 என்ற ஆரம்ப நிலை ஆங்கிலச் சோதனை. காசநோய் இல்லை என்ற சான்றிதழுக்குக் கொழும்பில் ஐ.ஓ.எம். என்ற சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பில் நெஞ்சுப் படம். இரவு பஸ்ஸில் போய் அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பி வருவாள்.

லண்டனில் இருந்து போன் வரும். "இன்னும் உங்கட பக்கம் முடியேல்லையோ? மண்டபத்துக்குக் காசு கட்டியாச்சு." ஊருக்குள் கதை வேறு. "பிள்ளையின்ர பேப்பரில ஏதோ பிழையாம்." அவள் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கடைசியில் விசா மறுக்கப்பட்டது. கடிதத்தை நான் வரிவரியாக வாசித்தேன். அவளுடைய கடதாசிகளில் ஒரு குறையும் இல்லை. குறை அவருடைய சம்பளத்தில். முன்னர் ஆண்டுக்கு 18,600 பவுண் காட்டினால் போதும். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 29,000 பவுண். ஒரே இடத்தில் சம்பளத்துக்கு நிற்பவர் ஆறு மாதப் பே சிலிப்பையும் (சம்பளச் சிட்டை), அதே காசு பாங்கில் விழுந்த ஸ்டேற்மென்ரையும் கொடுக்க வேண்டும். அவர் இரவு பகலாக உழைப்பவர்தான். ஆனால் அவர் வேலை செய்த கடைக்காரர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கையில் கொடுத்து வந்திருக்கிறார். கையில் வாங்கி பாங்கில் போடாத காசு கணக்கில் சேராது.

அவரில் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் விட்டது எங்கள் பிழை. சாதகம் வாங்கும் நாளிலேயே இதையும் கேளுங்கோ: சம்பளம் முழுக்கப் பாங்குக்கு வருகிறதா? முன்னர் எழுத்து நடந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி கையில் இருக்கிறதா? சிற்றிசனா, அகதி விசாவா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி இருக்கிறாள். கணவர் 2009இல் காணாமல் போனவர். ஜேர்மனியில் இருந்து ஒருவர் நல்ல மனதோடு கேட்கிறார். விசாவுக்கு ஏ1 டொச் (ஜேர்மன் மொழி) வேண்டும், அதையும் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த 'காணாமல் போனவர்' என்ற சான்றிதழ் முதல் கலியாணத்தை முடித்து வைக்காது. ஒன்றில் மரணப் பதிவு, இல்லையென்றால் நீதிமன்றம், வழக்கு. "செத்துப்போனார் எண்டு நான் எப்பிடியக்கா கையெழுத்து வைக்கிறது?" என்று என் வீட்டுத் திண்ணையில் இருந்து அழுதாள். அவளிடம் போய் "கெதியா எடுங்கோ" என்று அவசரப்படுத்தாதீர்கள். வன்னியில் ஒரு கடதாசிக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று அங்கே இருந்து உங்களுக்குத் தெரியாது.

என் பெறாமகளின் மாப்பிள்ளை இப்போது வேறு வேலை. சம்பளம் முழுக்கப் பாங்குக்கு வருகிறது. காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் அவள் திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முன்னர் அவரிடம் ஆறு பே சிலிப்பும் கேட்டேன். நேற்று இரவு வட்சப்பில் அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திறந்து, பாங்கில் விழுந்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் பஸ் புக் பண்ணினேன்.