பழம் பறிக்கும் முன்பே கடன்

பிரிட்டனின் பருவகால விவசாய விசா பற்றிப் பேச்சு வந்தாலே, எல்லாரும் எண்ணிக்கையில் போய் நின்றுவிடுகிறார்கள். 2019-இல் 2,500 பேருக்கான சோதனைத் திட்டமாகத் தொடங்கியது, 2023-இல் 45,000-ஐத் தொட்டது. பிரெக்சிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதற்கு, முன்பு ருமேனியர்களும் பல்கேரியர்களும் விசா இல்லாமலே வந்து பறித்துக் கொடுத்தார்கள். அந்த வழி அடைபட்டதும் பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். சரி, ஆள் தேவைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

வருகிறவரின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. விசா கட்டணமும் விமான டிக்கெட்டும் தொழிலாளி பணம். வேலை வாங்கித் தர கமிஷன் வாங்கக்கூடாது என்று பிரிட்டன் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஆள் பிடிக்கும் ஊர்த் தரகர் வீட்டு வாசல்வரை போவதில்லை. 2022-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த சிலர் தரகர்களுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கடன்பட்டிருந்தது செய்தியானது.

விசாவோ ஆறே மாதம். மழை, குளிர், விளைச்சல் குறைவு என்று வேலை சுருங்கினால் கூலியும் சுருங்கும், வட்டி சுருங்காது. வாரம் 32 மணி நேரக் கூலி உறுதி என்ற விதி 2023-இல்தான் வந்தது. பண்ணை பிடிக்கவில்லை என்றால் இஷ்டத்துக்குக் கிளம்பவும் முடியாது. விசாவுக்குப் பொறுப்பேற்ற ஏஜென்சிதான் வேறு பண்ணை காட்ட வேண்டும். கடன் கழுத்தில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்?

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பருவகாலப் பண்ணை வேலை விசாவான எச்-2ஏ திட்டத்தில் தங்குமிடம் முதலாளி செலவு. ஒப்பந்தக் காலத்தில் பாதி முடிந்தால் வந்த பயணச் செலவையும் அவரே திருப்பித் தர வேண்டும். (அங்கேயும் விசா ஒரே முதலாளியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, அது தனிக்கதை.) 1966-லிருந்து பண்ணைக்கு ஆள் எடுக்கும் கனடா, கொடுமைக்கு ஆளானவர்கள் முதலாளியை விட்டு விலகத் தனி அனுமதியை 2019-இல்தான் கொண்டுவந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய பிரிட்டனுக்கு என்ன தடை? பழம் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இப்போது அந்தத் தொகையைக் கட்டுவது பழத்தை வாங்குபவர் அல்ல, பறிப்பவர். அதுவும் வட்டிக்கு வாங்கி.