பணம் கட்டினதுக்கு அப்புறமும் நான் அதே ஆள்தான்

போன வாரம் ஒரு மாசச் சந்தாவ நிறுத்தறதுக்கு எனக்கு நாலு நாள் ஆச்சு. சேரும்போது ஒரு நிமிஷம் கூட ஆகல, கார்டு நம்பர் போட்டேன், ஓடிபி வந்துச்சு, முடிஞ்சுது. நிறுத்தணும்னு போனா ஆப்புல அதுக்கு பட்டனே இல்ல. செட்டிங்ஸ்ல தேடி, உதவிப் பக்கத்துல தேடி, கடைசியில அடியில ஒரு வரி, கஸ்டமர் கேருக்கு கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டா ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துன்னு பத்து நிமிஷம் பாட்டு போட்டுட்டு லைன் கட். மூணாவது தடவ ஒரு பொண்ணு பேசினாங்க, ஏன் சார் நிறுத்தறீங்க, இன்னும் ரெண்டு மாசம் சும்மா தரோம்னாங்க, வேணாம்மான்னேன், அப்புறம் சொல்றாங்க "சார் என்னால கேன்சல் பண்ண முடியாது, ரிக்வெஸ்ட் மட்டும்தான் போட முடியும்"னு.

அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே வரல. குரல்லயே களைப்பு தெரிஞ்சுது. என்ன மாதிரி எத்தன பேர்கிட்ட அன்னிக்கு திட்டு வாங்கியிருப்பாங்களோ.

ஆனா ஒண்ணு மட்டும் மனசுல நின்னுடுச்சு. ஒரு கம்பெனி நல்ல கம்பெனியா இல்லையான்னு பாக்க பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேணாம். நம்ம காசு அவங்க கைக்கு போறதுக்கு முன்னாடி எப்படி நடத்தினாங்க, போனதுக்கு அப்புறம் எப்படி நடத்தறாங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு பாத்தா போதும்.

ஜெர்மனியில 2022 ஜூலை 1ல இருந்து இதுக்கு சட்டமே இருக்கு. ஆன்லைன்ல சேர முடியிற தொடர் சந்தான்னா வெப்சைட்லயே ரத்து பண்ற பட்டன் கண்ணுக்கு தெரியிற மாதிரி இருக்கணும், அந்த பட்டன வைக்கலன்னா கஸ்டமர் எந்த நோட்டீஸ் காலமும் இல்லாம எப்ப வேணா விலகிக்கலாம். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அந்த ரெண்டாவது பாதிதான். கதவ மறைச்சு வெச்சா சுவரே இருக்காதுன்னு சொல்ற மாதிரி.

அப்படி சுலபமா விட்டா எல்லாரும் போயிடுவாங்களேன்னு பிசினஸ் பண்றவங்க கேப்பாங்க. போகட்டுமே. பிடிச்சவங்க இருப்பாங்க, போனவங்களும் தேவப்பட்டா திரும்பி வருவாங்க, ஏன்னா போகும்போது யாரும் அவங்க கைய முறுக்கல. மறந்து போய் மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கிறவங்க காச நம்பி ஒரு கம்பெனி ஓடுதுன்னா அதுக்கு பேரு வருமானம் இல்ல. 2020ல நெட்ஃப்ளிக்ஸ் ஒண்ணு செஞ்சாங்க, சேர்ந்து ஒரு வருஷமா எதுவுமே பாக்காதவங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல பாக்காம விட்டவங்க, இவங்கள தேடிப் புடிச்சு "இன்னும் வேணுமா"ன்னு கேட்டு, பதில் வரலன்னா அவங்களே சந்தாவ நிறுத்தினாங்க. ரெண்டு வருஷம் ரொம்ப ஜாஸ்தி, மூணு மாசத்துலயே கேக்கலாம். நான் எத்தன தடவ ஆப்ப தொறக்கிறேன்னு கணக்கு வெக்கத் தெரிஞ்சவங்களுக்கு, நான் தொறக்கவே இல்லங்கிறதும் தெரியும்தானே.

அடுத்தது அந்த ஃபோன் எடுத்த பொண்ணு விஷயம். டொயோட்டா ஃபேக்டரில ஆண்டோன்னு ஒரு கயிறு இருக்கும், லைன்ல வேல செய்ற யாரு வேணா தப்பு கண்ணுல பட்டா இழுக்கலாம், உடனே மேல இருக்கிறவர் வந்து நிப்பாரு, அங்கேயே சரி பண்ண முடியலன்னா லைனே நிக்கும். கார் கட்றவருக்கு இந்த உரிமைய குடுக்க முடியும்னா, ஃபோன் எடுக்கிற ஆளுக்கு ஒரு சந்தாவ நிறுத்தற, ஒரு சின்ன ரீஃபண்ட போடற உரிமைய ஏன் குடுக்க முடியாது? நம்ம கோவத்த வாங்கிக்கிறதுக்கு மட்டும் ஒரு மனுஷங்கள உக்கார வெச்சிருக்கிறது அவங்களுக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

பொருளுக்கும் இதே கததான். 1924ல பெரிய பல்பு கம்பெனிங்க ஒண்ணு சேந்து ஃபீபஸ்னு ஒரு கூட்டணி போட்டு, பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல எரியக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க, நெறைய நேரம் எரியிற பல்ப செஞ்சா கம்பெனிக்கு அபராதம். நூறு வருஷம் ஆச்சு, இன்னிக்கும் பேட்டரிய ஒட்டி வெக்கிறாங்க, சின்ன ஒரு உதிரி பாகம் கேட்டா "அந்த மாடல் நிறுத்திட்டோம், புதுசு வாங்கிக்குங்க"ங்கிறாங்க. பிரான்ஸ்ல 2021 ஜனவரில ஸ்மார்ட்ஃபோன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் மாதிரி பொருளுக்கு ரிப்பேர் மார்க் போட ஆரம்பிச்சாங்க, 10க்கு எவ்ளோன்னு, கழட்ட சுலபமா, ஸ்பேர் கிடைக்குமா, கிடைச்சா என்ன வெல, எல்லாம் பாத்து. வாங்கறதுக்கு முன்னாடியே விலைக்கு பக்கத்துல அந்த நம்பர் தெரிஞ்சுது. சட்டம் வரட்டும்னு காத்திருக்காம எந்தக் கம்பெனி வேணா தானாவே இத செய்யலாம். குப்பையும் குறையும், நாலு மெக்கானிக்குக்கும் பொழப்பு ஓடும்.

வயசானவங்கள பத்தி சொல்லாம விட முடியல. எல்லாத்தயும் மெஷின்ல போடு, ஆப்புல போடுன்னு ஆனதுக்கு அப்புறம் எங்கம்மா பல இடத்துக்கு போறதயே விட்டுட்டாங்க, பின்னாடி நிக்கிறவங்க உச்சு கொட்டறது அவங்களுக்கு அவமானமா இருக்கு. நெதர்லாந்துல ஜம்போங்கிற சூப்பர் மார்க்கெட் 2019ல ஒரு கவுன்டர் தொறந்தாங்க, அவசரம் இல்லாதவங்களுக்குன்னே, பில் போடறவரு நின்னு நிதானமா பேசுவாரு. தனிமையில இருக்கிற பெரியவங்கள மனசுல வெச்சு செஞ்சது, அப்புறம் நெறைய கிளைக்கு கொண்டு போனாங்க. புது மெஷின் வேணாம், புது பட்ஜெட் வேணாம், ஒரு கவுன்டர்ல அவசரத்த எடுத்துட்டாங்க, அவ்ளோதான்.

கடைசியா ஒண்ணு, இது கஸ்டமர் பக்கம் இல்ல, ஆனா எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சின்னதா அச்சகம் வெச்சிருக்கான், கூட மூணு பேர் வேல செய்றாங்க. ஒரு பெரிய கம்பெனி ஆர்டர், ராத்திரி பகலா முழிச்சு சொன்ன தேதிக்கு குடுத்தான். ஆர்டர் குடுக்கும்போது தினம் மூணு ஃபோன் வந்துச்சு, பில்லு குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு, இப்ப இவன் கூப்பிட்டா யாரும் எடுக்கறதில்ல. அந்தக் கம்பெனி சிஎஸ்ஆர்னு, அதாவது சமுதாயத்துக்கு கம்பெனி செய்ற நல்ல காரியம்னு, மரம் நடற போட்டோ எல்லாம் போடுது, மரம் நடறது நல்லதுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும்னா முதல்ல உங்க வேலைய செஞ்சு குடுத்தவனுக்கு கூலிய குடுங்க, அவனும் சமுதாயம்தான். அந்த மூணு பேருக்கு சம்பளம் குடுக்க அவன் வட்டிக்கு வாங்கியிருக்கான். கோடிக்கணக்குல புரள்ற கம்பெனிக்கு அவன் வட்டி கட்டி கடன் குடுக்கிற மாதிரி ஆயிடுச்சு.

அக்கவுன்ட்ஸ்ல பில் பாஸ் பண்ற யாராவது இத படிச்சீங்கன்னா, நாளைக்கு காலைல அந்த கட்டுல இருக்கிற சின்ன பில்ல முதல்ல எடுங்க. பெரிய பில்லால காத்திருக்க முடியும்.