எல்லாக் கணக்கும் ஒன்றல்ல
கணினியில் 16 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் செயலிப் பகுதிகள்) போட்டால் கலத்தின் அனுசேப வலையமைப்பை, அதாவது கலத்துக்குள் நடக்கும் இரசாயனத் தாக்கங்களின் பின்னலை, 16 மடங்கு வேகமாக ஆராயலாம் என்று கட்டுரையில் இருக்கிறது, அது எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது. ஈ.கோலை பக்டீரியாவின் ஐஜேஓ1366 என்ற கணினி மாதிரியில் 1366 ஜீன்கள். இரண்டிரண்டாக நீக்கிப் பார்த்தால் 9,32,295 சோடி, ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, பிரித்துக் கொடுப்பது சுகம். கல்லடியில் என் 4 கோர் லப்டொப்பிலேயே வேகம் கூடியது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அடிப்படைப் பாய்வு வழிகளை (வலையமைப்பினூடாகப் பொருள்கள் ஓடக்கூடிய, மேலும் சுருக்க முடியாத தாக்கப் பாதைகளை) எண்ணத் தொடங்கினால் கதை வேறு, ஒவ்வொரு படியிலும் முந்திய வழிகளைச் சோடி சேர்த்துத்தான் புதியவை வரும், அதுவரை அடுத்த படிக்குப் போக முடியாது, இரவு 2 மணிக்கு மெமரி நிரம்பி மெஷின் அப்படியே நின்றுவிட்டது. மேலே கருத்துப் போட்ட ஒருவர் கிளவுட் (இணையவழி வாடகைக் கணினிகள்) எடுத்தால் சரி என்கிறார்; வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் ஓடும் என்றால் ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாதே. முதலில் பாய்வே போகாத தாக்கங்களைக் கழித்து வலையமைப்பைச் சுருக்குங்கள், எனக்கு அதுதான் கைகொடுத்தது.