நாய்க்கு இதய முணுமுணுப்பு என்றால் ஆறு மாதம்தானா?

"நாயின் இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது, அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டு பாதியும் தவறு.

சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது மைட்ரல் வால்வின் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு) இதழ்கள் தடித்து, சரியாக மூடாமல் போவது சகஜம். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் இடது மேலறைக்கே திரும்பிக் கசியும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது பெரும்பாலும் அந்தக் கசிவைத்தான். நோய் மெதுவாக வளர்வதால், பல நாய்கள் இந்தச் சத்தத்தோடு வருடக்கணக்கில் ஓடியாடித் திரியும். சிலவற்றுக்கு இதயச் செயலிழப்பு வருவதே இல்லை.

சரி, மாத்திரை? இந்த நோயை மருத்துவர்கள் நிலைகளாகப் பிரிக்கிறார்கள். சத்தம் மட்டும் இருந்து இதயம் பெரிதாகாத பி1 நிலையில் மருந்து தேவையில்லை. அவ்வப்போது பரிசோதனை போதும். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் பெரிதாகியிருப்பது தெரிந்தால், அதாவது பி2 நிலையில், கதை வேறு. 2016-ல் வெளியான எபிக் ஆய்வில், இந்த நிலையில் பிமோபென்டான் என்ற இதய மருந்து கொடுத்த நாய்களுக்கு இதயச் செயலிழப்போ இதயநோய் மரணமோ ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. எந்த நிலை என்று பார்க்காமல் மாத்திரை வாங்குவதில் அர்த்தமில்லை. வீட்டில் யாரோ சாப்பிடும் இதய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. கனவில் காலை உதைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எண்ணிக்கை தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.