ட்ரைலோபைட்டை மிதித்த செருப்பா?

"50 கோடி ஆண்டுக்கு முன்பே மனிதன் செருப்பு போட்டிருந்தான், ட்ரைலோபைட்டை மிதித்த தடம் இதோ" என்று ஒரு படம் சுற்றுகிறது. ட்ரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன, ஓடுள்ள ஒரு கடல் உயிரினம். படத்தில் உள்ள கல் உண்மை. கதை பொய்.

1968-ல் அமெரிக்காவின் யூட்டாவில், ஆன்டிலோப் ஸ்பிரிங் பக்கம் பொழுதுபோக்காகப் புதைபடிவம் தேடிய வில்லியம் மெய்ஸ்டர் உடைத்த பலகைக்கல் அது. அதில் உள்ள ட்ரைலோபைட்டும் அசல்தான். அந்த மலைச்சரிவில் எல்ராதியா கிங்கி என்ற இனம் ஏராளம். இன்றும் கட்டணம் கட்டி, சுத்தியலோடு போய் ஒரே நாளில் பல எடுத்து வருகிறார்கள்.

தடம் என்பதுதான் வெறும் தோற்றம். அந்தக் களிப்பாறை ஏடு ஏடாகப் பிளக்கும். பிளக்கும்போது நீள்வட்டமாகச் சில்லு பெயரும், ஓரத்தில் விரிசல் விழும். குதிகால் போலத் தெரிவது அதுதான். இதே வடிவங்கள் அங்கே சாதாரணம். நடந்த தடமென்றால் அடுத்த அடி எங்கே? மிதித்த இடத்தில் சேறு பிதுங்கிய அடையாளமும் இல்லை. போதாக்குறைக்கு, அந்தச் சேறு படிந்தது கடலடியில். செருப்போடு அங்கே எவன் போனான்?

ட்ரைலோபைட்டுகள் முற்றாக அழிந்தே 25 கோடி ஆண்டு ஆகிறது. நம் இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம்தான்.